கண்ணாடியிழைப் படகுகள்: அடிப்பகுதிக் கொப்புளமும் மறுவிற்பனை மதிப்பும்

இந்தியக் கடல் மீன்பிடித் தொழில் நெடுங்காலம் மரத்தையே நம்பியிருந்தது. கிழக்குக் கரையின் கட்டுமரம், ஆந்திரக் கரையின் நாவா, கேரளத்தின் ஒற்றை மரத் தோணி ஆகிய அனைத்தும் காடுகளிலிருந்து கிடைத்த பருமரங்களால் ஆனவை. மரம் அரிதாகி அதன் விலை உயர்ந்தபோது மாற்றுப் பொருள் தேவைப்பட்டது. 1979-இல் தொடங்கப்பெற்றுச் சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 1980-களில் ஆந்திரம், ஒடிசா கரைகளுக்கெனக் கண்ணாடியிழையால் ஆன கரையிறங்கு படகுகளை உருவாக்கி அறிமுகம் செய்தது. பின்னர் வெளிப்பொறி பொருத்திய சிறு கண்ணாடியிழைப் படகு குஜராத் முதல் வங்காளம் வரை பரவியது. மீனவர்கள் இதனை ‘ஃபைபர் படகு’ என்றே வழங்குகின்றனர்.

2010-ஆம் ஆண்டின் கடல் மீன்வளக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 1.94 இலட்சம் மீன்பிடிக் கலங்கள் இருந்தன. அவற்றுள் 37 விழுக்காடு, அதாவது 71 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, பொறி பொருத்தப்பட்ட சிறு கலங்கள். இவ்வகையில் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பங்கு வகிக்கின்றன. 2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டமும் பாரம்பரிய மீனவர்களுக்கு மாற்றுப் படகுகள் வழங்க வகை செய்தது. பொதுப் பிரிவினருக்கு அலகுச் செலவில் 40 விழுக்காடும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானியம் என்பது அதன் பொது விதி.

புதிய படகைக் கட்டுவதற்கும் வழங்குவதற்கும் திட்டங்கள் உள்ளன. ஆயினும் ஒரு படகின் வாழ்நாள் அதன் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுவதில்லை. அது இரண்டு, மூன்று கைகள் மாறுகிறது. அவ்வாறு கைமாறும்போது அதன் மதிப்பு எவ்வாறு அறுதியிடப்படுகிறது, அதில் யார் ஏமாறுகிறார் என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. கண்ணாடியிழைப் படகின் அடிப்பகுதியில் தோன்றும் கொப்புளம் இவ்வினாக்களைத் தெளிவுபடுத்தும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பழைய படகு யாருடைய முதல்?

புதுப் படகு வாங்கும் ஆற்றல் இல்லாத மீன்பிடித் தொழிலாளி, பங்குக்கு வேலை செய்யும் நிலையிலிருந்து உரிமையாளராக உயர்வதற்குரிய முதற்படி பெரும்பாலும் பழைய படகேயாகும். இதற்கான பணம் வங்கியிலிருந்து வருவது அரிது. மீன் வியாபாரியோ ஏலம் விடுபவரோ முன்பணம் தருகிறார். அதற்கு ஈடாகப் பிடிபடும் மீனை அவர் வழியாகவே விற்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு ஏற்படுகிறது. வாங்கிய படகு ஓராண்டில் பழுதுபட்டால் தொழில் நிற்கும். கடனும் கட்டுப்பாடும் நிற்பதில்லை. எனவே பழைய படகின் உண்மை நிலையை அறிதல், பொருளாதாரத்தில் நலிந்தோரைக் காக்கும் நடவடிக்கையும் ஆகும்.

இங்குக் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. மரப்படகு பழுதானால் அதன் பலகைகளும் சட்டங்களும் ஓரளவு விலை போகும். எஃகுப் படகை உடைத்து இரும்பாக எடைக்கு விற்கலாம். கண்ணாடியிழையோ ஒருமுறை இறுகிய பின் மீண்டும் உருக்க இயலாத பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. உடைந்த படகுக்குக் கழிவு விலைகூடக் கிடைப்பதில்லை; அதை அகற்றுவதற்கே செலவாகும். ஆகவே கண்ணாடியிழை உடற்பகுதியின் மதிப்பு முழுவதும் ‘இது இன்னும் எத்தனை ஆண்டு கடலில் நிற்கும்’ என்பதையே சார்ந்துள்ளது.

கொப்புளம் தோன்றும் முறை

கண்ணாடியிழைப் படகு அச்சில் வார்க்கப்படுவதாகும். அச்சின் உட்புறத்தில் முதலில் ‘ஜெல்கோட்’ எனப்படும் வண்ணம் கலந்த பிசின் படலம் பூசப்படுகிறது. இதன் தடிப்பு பொதுவாக 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். அதன்மேல் கண்ணாடியிழைப் பாய்களும் நெய்த இழைகளும் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டப்படுகின்றன. அச்சிலிருந்து படகை எடுக்கும்போது ஜெல்கோட் வெளிப்புறத் தோலாக அமைகிறது.

இத்தோல் நீர் உட்புகாதது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் மிகச் சிறிய அளவில் நீர் மூலக்கூறுகள் இதனூடே ஊடுருவிக்கொண்டே இருக்கும். உள்ளே சென்ற நீர், சரியாக வினைபுரியாமல் எஞ்சிய பிசின் கூறுகளையும், பாயின் இழைகளைப் பிணைக்கும் பொருளையும் கரைக்கிறது. மேலும் பாலியெஸ்டரின் எஸ்டர் பிணைப்புகளை நீராற்பகுப்பால் சிதைத்துக் கிளைக்கால்களையும் அமிலங்களையும் வெளிப்படுத்துகிறது. ஜெல்கோட்டுக்குப் பின்னால் உள்ள நுண்குழிகளில் இவ்வாறு செறிவுமிக்க கரைசல் சேர்கிறது. ஜெல்கோட் ஒரு சவ்வைப்போல் நடந்துகொள்கிறது: சிறு நீர் மூலக்கூறுகளை உள்ளே விடுகிறது, பெரிய மூலக்கூறுகளை வெளியே விடுவதில்லை. பள்ளிப் பாடங்களில் கூறப்படும் சவ்வூடு பரவல் இங்கு நிகழ்ந்து, குழியினுள் அழுத்தம் உயர்ந்து, தோல் புடைத்துக் கொப்புளமாகிறது. அதைக் குத்தினால் புளிக்காடி போன்ற நெடியுடன் பிசுபிசுப்பான நீர் பீறிடும்; நீல லிட்மசுத் தாள் அதில் சிவப்பாகும்.

1970-களிலும் 1980-களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உல்லாசப் படகு உரிமையாளர்களிடையே இக்குறை பெரும் கவலையை உண்டாக்கியது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆதரவுடன் ரோட் தீவுப் பல்கலைக்கழகம் 1980-களில் இதன் காரணங்களை ஆராய்ந்தது. பிசினின் வகை, இழைப்பாயின் பிணைப்புப் பொருள், கட்டும் முறையின் நேர்த்தி ஆகியவையே கொப்புளத்தைத் தீர்மானிக்கின்றன என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இந்திய நிலையில் உள்ள வேறுபாடு

வெளிநாட்டு அனுபவத்தை அப்படியே இங்குப் பொருத்துதல் தவறாகும். மூன்று வேறுபாடுகளைக் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, படகு நிற்கும் இடம். கொப்புளம் என்பது நாள்தோறும் நீரிலேயே மிதக்கும் படகின் நோய். துறைமுகங்களிலும் காயல்களிலும் கட்டிவைக்கப்படும் மீன்பிடிப் படகு, சுற்றுலாப் படகு, சுற்றுக்காவல் படகு ஆகியவற்றையே இது மிகுதியாகத் தாக்கும். ஆந்திர, ஒடிசாக் கரைகளில் போல நாள்தோறும் மணலில் இழுத்தேற்றப்படும் படகு இடையிடையே உலர்ந்துவிடுவதால் அதற்குக் கொப்புளம் குறைவு. ஆனால் மணல் உராய்வால் கீல் பகுதியில் ஜெல்கோட் தேய்ந்து இழைகள் வெளிப்படுகின்றன. அவ்விழைகளின் வழியே நீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே ஏறுகிறது. புண் வேறு, உட்புகும் நீர் செய்யும் கேடு ஏறத்தாழ ஒன்றே.

இரண்டாவது, வெப்பம். இந்தியக் கரையோரக் கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உள்ளது. வெப்பம் உயர ஊடுருவலும் நீராற்பகுப்பும் விரைவடையும். குளிர்நாட்டில் மெதுவாகத் தோன்றும் குறை இங்கு முன்னதாகவே தோன்றக்கூடும்.

மூன்றாவது, நீரின் உப்பளவு. கொப்புளத்தினுள் உள்ள கரைசலுக்கும் வெளிநீருக்கும் உள்ள செறிவு வேறுபாடே அழுத்தத்திற்குக் காரணம். கடல்நீரில் உப்பு இருப்பதால் இவ்வேறுபாடு குறைகிறது, நன்னீரில் கூடுகிறது. எனவே மழைக்காலத்தில் உப்பு குறைந்துவிடும் வேம்பநாடு போன்ற காயல்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் நிற்கும் படகுகளுக்கு இடர் மிகுதி. படகினுள் தேங்கும் மழைநீரும் இத்தகையதே. உட்புறத்தில் ஜெல்கோட் காப்பு இல்லாமையால் தேங்கிய நீர் நேரே அடுக்குகளைத் தாக்குகிறது. மிதவைக்காக உள்ளே அடைக்கப்படும் நுரைப்பொருளும் நீரை உறிஞ்சினால் படகின் எடை கூடி, எரிபொருட் செலவும் உயர்கிறது.

கட்டும்போதே விதைக்கப்படும் குறைகள்

கொப்புளத்தின் வேர் பெரும்பாலும் கட்டுந்தளத்திலேயே உள்ளது. விலை குறைந்த ஆர்த்தோதாலிக் பிசினைவிட ஐசோதாலிக் பிசின் நீரைத் தாங்குவதில் மேலானது. வைனைல் எஸ்டர் அதனினும் மேலானது. ஜெல்கோட்டும் அதற்கு அடுத்த முதல் அடுக்கும் மட்டுமேனும் உயர்தரப் பிசினால் அமைந்தால் படகின் ஆயுள் நீளும். பால்மப் பிணைப்புள்ள பாய் நீரில் எளிதில் கேடுறும். நீர்க்கோட்டுக்குக் கீழே தூள் பிணைப்புள்ள பாயே ஏற்றது.

வினையூக்கியின் அளவும் முக்கியமானது. பிசினின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை சேர்க்கப்படும் பெராக்சைடு, கண்மதிப்பால் ஊற்றப்பட்டால் சில இடங்களில் பிசின் முழுமையாக இறுகாது. மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில், ஈரம் உறிஞ்சிய பாயைக் கொண்டு வார்த்தால் கொப்புளத்திற்கான நீரை உள்ளேயே வைத்து மூடுவதாக முடியும். உருளையால் காற்றை நன்கு வெளியேற்றாவிடில் எஞ்சும் காற்றறைகள் பின்னர் நீர்த்தொட்டிகளாகின்றன.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் குறுகிய காலத்தில் மிகுந்த எண்ணிக்கையில் கண்ணாடியிழைப் படகுகள் கட்டி வழங்கப்பட்டன. துயர்துடைப்பின் விரைவு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் தடிப்புக் குறைவு, பிசின் குறைவு, மேற்பார்வை இன்மை ஆகிய குறைகள் பல இடங்களில் பின்னர்ச் சுட்டப்பட்டன. எண்ணிக்கையை மட்டும் இலக்காகக் கொள்ளும் திட்டம், சில ஆண்டுகளுக்குப் பின் படகு வாங்கும் மற்றொரு மீனவர்மீது தன் செலவின் ஒரு பகுதியை ஏற்றுகிறது என்பதே இதன் பாடம்.

ஆய்வு செய்யும் முறை

விற்பனைக்கு வரும் படகின் அடிப்பகுதி பெரும்பாலும் புதுச்சாயம் பூசப்பட்டிருக்கும். விலையைப் பேசுவோர் சாயம், பொறி, வயது ஆகிய மூன்றையே பார்க்கின்றனர். கீழ்க்காணும் எளிய ஆய்வுகளுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

1. பார்வை ஆய்வு: படகை நீரிலிருந்து எடுத்து நன்னீரால் கழுவி, எடுத்த சில மணி நேரத்திற்குள் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். பல நாள் உலர்ந்தபின் சிறு கொப்புளங்கள் அமிழ்ந்து கண்ணுக்குத் தப்பிவிடும். விற்பவர் காட்டும் படகு ஒரு மாதமாகக் கரையில் இருந்தால் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

2. தட்டல் ஆய்வு: சிறு சுத்தியலால் சதுரம் சதுரமாகத் தட்டிச் செல்லுதல். திடமான அடுக்கு கூர்மையான ஒலி தரும். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமான இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து எண்ணுதல் வேண்டும்.

3. குத்தல் ஆய்வு: உரிமையாளரின் இசைவுடன் ஓரிரு கொப்புளங்களைத் திறத்தல். உள்ளிருக்கும் நீர் அழுத்தத்துடன் தெறிக்கும் ஆதலால் கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. உட்புறம் உலர்ந்திருந்து சாயம் மட்டும் உரிந்தால் அது சாயக் குறையே. அமில நீர் வந்து அடியில் அடுக்கு திடமாக இருந்தால் ஜெல்கோட் கொப்புளம். இழை வெளுத்துத் தளர்ந்திருந்தால் கேடு ஆழமானது.

4. ஈரமானி: இது ஒப்பீட்டுக்கு மட்டுமே பயன்படும். மேற்பரப்பின் உப்பும் உள்ளே பதிந்த உலோகமும் தவறான அளவைக் காட்டச் செய்யும். ஆகவே நீர்க்கோட்டுக்கு மேலும் கீழும் அளந்து வேறுபாட்டைக் காணுதலே சரியான முறை.

5. உட்புற ஆய்வு: குறுக்குச் சட்டங்கள் அடிப்பகுதியோடு சேரும் இடம், பொறி தாங்கும் பின்பலகை, நுரை அடைத்த அறைகள் ஆகியவற்றில் விரிசல், ஈரம், கூடுதல் எடை ஆகியவற்றை நோக்குதல்.

இவ்வாய்வின் முடிவில் படகை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: சாயக் குறை மட்டும் உடையது, ஜெல்கோட் கொப்புளம் உடையது, அடுக்கு பிரிந்தது. முதல் இரண்டும் பெரும்பாலும் படகின் வலிமையைப் பாதிப்பதில்லை. மூன்றாவதே உயிருக்கும் உடைமைக்கும் இடர். இவ்வேறுபாடு அறியப்படாத சந்தையில் நல்ல படகு கொப்புளத்தின் பெயரால் அடிமாட்டு விலைக்குப் போகிறது. கெட்ட படகு சாயத்தின் பெயரால் நல்ல விலை பெறுகிறது.

பழுது நீக்கமும் பருவமும்

சில கொப்புளங்களே இருப்பின் ஒவ்வொன்றையும் திடமான அடுக்கு வரை சாய்வாகச் சுரண்டி, நன்னீரால் பன்முறை கழுவி, முற்றிலும் உலர்த்தி, எபாக்ஸிச் சாந்தால் நிரப்பி, மேலே எபாக்ஸித் தடுப்புப் படலம் பல பூச்சுகளாகப் பூசுதல் வேண்டும். பழைய பாலியெஸ்டர்மீது எபாக்ஸி நன்கு ஒட்டும். எபாக்ஸிமீது பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. எனவே விலை குறைவென்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசுதல் வீண்செலவாகும். அடிப்பகுதி முழுவதும் கொப்புளம் பரவியிருப்பின் ஜெல்கோட்டையே சீவி எடுத்துப் புதிய அடுக்கு ஒட்டவேண்டி வரும்.

இப்பணியில் பொருளைவிட நேரமே அருமை. கழுவலும் உலர்த்தலும் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் நீளும். ஈரம் எஞ்சியிருக்கத் தடுப்புப் படலம் பூசினால் ஓரிரு ஆண்டுகளில் கொப்புளம் மீளும். இங்குக் கரைதோறும் நிலை வேறுபடுகிறது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கோடையில் அமைகிறது. உலர்த்துவதற்கு அது ஏற்ற காலம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தில் அமைகிறது. அப்போது திறந்தவெளியில் செய்யும் பழுது நீக்கம் பயனற்றது. அங்கு மழைக்கு முந்திய மாதங்களைத் தேர்ந்தெடுத்தலோ, கூரையும் காற்றோட்டமும் உள்ள பொதுக் கொட்டகையை அமைத்தலோ தேவை.

மதிப்பீட்டுக் கணக்கு

பழைய படகின் நியாய விலையைக் காண, பொறியின் விலையைத் தனியே பிரித்துவிட்டு உடற்பகுதியை மட்டும் மதிப்பிடுதல் வேண்டும். அதே வயதுள்ள குறையற்ற உடற்பகுதியின் உள்ளூர் விலையிலிருந்து பழுது நீக்கச் செலவு, பழுது நீங்கும் வரை தொழில் இழப்பு, அறியப்படாத கேட்டுக்கான ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் கழிக்க வேண்டும்.

விளக்கத்திற்காக மட்டும் ஒரு கணக்கைக் கொள்ளலாம். குறையற்ற உடற்பகுதியின் விலை ரூ. 1,20,000, பழுது நீக்கச் செலவு ரூ. 22,000, நாளொன்றுக்கு ரூ. 700 வீதம் 20 நாள் வருவாய் இழப்பு ரூ. 14,000, அறியாமைக்கான ஒதுக்கீடு 10 விழுக்காடு, ரூ. 12,000. வாங்குபவர் தரத்தக்க விலை ரூ. 72,000 ஆகும். விற்பவரே பழுது நீக்கி, நம்பத்தக்க பதிவேட்டுடன் ரூ. 1,20,000-க்கு விற்றால், செலவும் நாள் இழப்பும் போக அவர் கையில் ரூ. 84,000 நிற்கும். தொழில் இல்லாத பருவத்தில் அதைச் செய்தால் நாள் இழப்பும் நீங்கி ரூ. 98,000 நிற்கும். முதல் இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள ரூ. 12,000, படகின் நிலை எழுத்தில் இல்லாமையால் இருவருமே இழக்கும் தொகை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

நிருவாகம் செய்யத்தக்கவை

இவ்விழப்பைத் தவிர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மானியத்தில் கட்டப்படும் ஒவ்வொரு படகுக்கும், பிசினின் வகை, பாயின் வகை, அடுக்குகளின் எண்ணிக்கை, வார்த்த நாள், அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றைக் குறிக்கும் கட்டுமானப் பதிவேடு கட்டாயமாதல் வேண்டும். அது பதிவு எண்ணுடன் இணைந்து படகோடு கைமாற வேண்டும். துளையிடும்போது வெட்டியெடுக்கப்படும் சிறு துண்டுகளைப் பாதுகாத்தால் தடிப்பையும் இழை அளவையும் பின்னர்ச் சோதிக்க இயலும்.

மீன்வளத்துறையின் களப்பணியாளர்களுக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலர்களுக்கும் மேற்சொன்ன ஐந்து ஆய்வுகளிலும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கலாம். 1957 முதல் கொச்சியில் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகம் போன்ற நிறுவனங்களின் அறிவு இதற்குத் துணையாகும். பயிற்சி பெற்றவர் வழங்கும் ஒரு பக்க நிலைச் சான்று, உரிமை மாற்றப் பதிவின்போது இணைக்கப்படலாம். அத்தகைய சான்று இருப்பின் வங்கிகள் பழைய படகையும் ஈடாக ஏற்க முன்வரும். காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை நியாயமாக வகுக்க இயலும். வாங்குபவர் வியாபாரியின் முன்பணத்தையே நம்பியிருக்கும் நிலையும் தளரும்.

உரிமையாளர்களுக்குரிய கடமைகளும் எளியவை. படகினுள் மழைநீர் தேங்கவிடாமை, தொழில் இல்லாத நாட்களில் கரையேற்றி உலர்த்துதல், தேய்ந்த கீலை உடனே மூடுதல், சாயம் பூசுமுன் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தல் ஆகியவையே அவை.

கண்ணாடியிழைப் படகு துருப்பிடிப்பதில்லை, செல்லரிப்பதில்லை என்னும் சிறப்புகளால் அது பராமரிப்பு வேண்டாத பொருள் என்ற எண்ணம் பரவியுள்ளது. அவ்வெண்ணமே அதன் ஆயுளைக் குறைக்கிறது. கொப்புளம் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் சிறு செலவில் நீங்கும் குறையாகும். சாயத்தின் கீழ் மறைக்கப்பட்டால் அது வாங்குபவரின் கடனாக வளர்கிறது. எத்தனை படகுகள் வழங்கப்பட்டன என்று கணக்கிடும் பதிவேடுகளில், பத்தாண்டுக்குப் பின் அவை எந்நிலையில், யார் கையில் உள்ளன என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படுமாயின், பொதுப்பணத்தில் உருவான இச்சொத்து அடுத்த கைக்கும் சொத்தாகவே சென்று சேரும்.